ஞாயிற்றுக்கிழமைக் கத்திகள்

பத்தொன்பது சவரக்கத்திகளுக்குச் சொந்தக்காரர் தாடையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்திய அந்த மனிதர், பாக்கெட்டுக்கு ஐந்தாக விற்கிற பிளாஸ்டிக் ரேசரைத்தான் முகத்தில் வைத்தார். ஒன்றையே மாதக்கணக்கில் வைத்து இழுத்தார். உள்ளறை அலமாரியில் இருந்த கத்திகளோ அவர் பிறப்பதற்கு முன்பே அடிக்கப்பட்டவை. கொம்புப் பிடி, எலும்புப் பிடி, தேன் நிறத்தில் பளபளக்கிற பிடி என்று விதவிதமாக மடங்கிக் கிடந்தன. ஒன்றுகூட ஒரு முகத்தையும் தொட்டதில்லை. அதுதான் அவற்றின் பெருமை என்பார்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை இரண்டு பேராகப் பிடித்து மடிக்க வேண்டும். எட்டு மணி நேரம் கால் கடுக்க நிற்கிற வேலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் ராத்திரி வரைக்கும் பாதத்தில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு அவர் உள்ளறைக்குப் போய்க் கதவை மூடிக்கொள்வார். பருத்திக் கையுறை மாட்டி, ஒவ்வொரு கத்தியாக எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடி சுற்றி வைத்து, நோட்டில் தேதி போட்டு ஒரு டிக் அடிப்பார். அதற்கு ஒரு மணி நேரம். பதினாறு கத்திகள் பெட்டிக்குள். ஈரக்காற்று புகக்கூடாதென்று பெட்டி மூடியின் விளிம்பில் ரப்பர்ப் பட்டை வேறு ஒட்டியிருந்தார். இடம் போதாமல் மூன்று மட்டும் வெளியே, தோலுறையில். அவர் உள்ளே இருக்கிற நேரத்தில் அவள் வெளியே வாரத்துத் துணியையெல்லாம் துவைத்துப் போடுவாள்.

"எனக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வச்சு விட்டிருக்கீங்களா?" என்று கேட்பாள்.

"நீ துருப்பிடிக்க மாட்டியே" என்பார்.

"அப்படி என்னத்துக்குங்க வாங்கினீங்க? ஒண்ணை எடுத்து வழிச்சுட்டுப் போங்களேன். தினம் முகமெல்லாம் ரத்தம், பார்க்கச் சகிக்கல."

"ஒரு தடவை தாடியில பட்டுட்டா அது பழசு. படாத வரைக்கும்தான் புதுசு. அத்தனை வருஷம் புதுசாவே இருந்ததை நானா கெடுக்கணும்?" என்பார். பிறகு கொஞ்சம் இறங்கி வருவார். "ரிட்டயர் ஆகட்டும். பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல எடுக்கிற கத்தியா இது? அப்புறம் தினம் ஒண்ணா எடுத்து நிதானமா வழிச்சுக்கிறேன்."

ஓய்வு வந்தது. அதற்கு மூன்று மாதம் முந்திக்கொண்டு கை நடுக்கம் வந்தது. முதலில் டீ தளும்பியது, அப்புறம் கையெழுத்து கோணியது, அப்புறம் சட்டைப் பித்தான் போட ஆள் வேண்டியிருந்தது. தலையும் லேசாக ஆட ஆரம்பித்தது. பிளாஸ்டிக் ரேசர்கூட அவர் கையில் நிற்கவில்லை. ஐந்தரை மணிக்கு எழுந்து, அவருக்கு வழித்துவிட்டு, அப்புறம்தான் அவள் சலவைக்கூடத்துக்கு ஓடினாள்.

"கத்திகளை நீ துடைச்சு வச்சிடறியா?" என்று ஒருநாள் கேட்டார். "என் கையால எடுத்தா கீழ போட்டுடுவேன்."

அதைக் கேட்க அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும். அவள் மறுபேச்சுப் பேசாமல் கையுறையை வாங்கிக்கொண்டாள்.

ஆறு வாரம் ஒழுங்காகத்தான் செய்தாள். ஏழாவது ஞாயிறு, கதவை மூடிவிட்டு, ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாமென்று நாற்காலியில் சாய்ந்தாள். விழித்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. பெட்டியைத் திறக்கவே இல்லை. பதறிப்போய் நோட்டில் டிக் அடித்துவிட்டு வெளியே வந்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பதினோரு மாதம், கதவை மூடுவதும் தூங்குவதும் டிக் அடிப்பதும்தான். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் பிடித்துவிடுகிற மனிதர், வாரா வாரம் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துத் தலையாட்டிக் கொடுத்தார். கண்டுபிடித்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு காலை, ரேசர் இழுத்த இழுப்பில் கழுத்தில் ரத்தம் வந்தது. அவர் சலிப்போடு சொன்னார்: "இனி யாருக்காக வச்சிருக்கேன் அதையெல்லாம்? என் கையால முடியாதுன்னு ஆயிப்போச்சு. முகமாவது பாக்கியிருக்கே. உனக்கு லீவு உள்ள நாளா பார்த்து சலூன்காரரை வரச் சொல்லு, அந்தக் கத்தியாலயே வழிச்சுவிடட்டும்."

லீவு நாளுக்கு நாலு நாள் இருந்தது. நாலு நாளும் அலமாரி வரை போய்ப் போய்த் திரும்பினாள். அவரிடம் சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கினாள்.

தெருமுனைச் சலூன்காரர் தோல்பட்டையும் பிரஷ்ஷுமாக வந்தார். கணவர் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துத் திறந்தாள். கற்பூரம் மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறியது. தேன் நிறப் பிடி பாளம்பாளமாக வெடித்திருந்தது. அந்தக் கத்தி மொத்தமும் துரு. பக்கத்துக் கத்தியிலும் துரு. துணியைப் பிரிக்கப் பிரிக்க, பதினாறிலும் துரு.

சலூன்காரர் உடைந்த பிடியை முகர்ந்து பார்த்தார்.

"இது செல்லுலாய்டு சார், அந்தக் காலத்து பிளாஸ்டிக். வயசானா தானாவே அழுகி ஒரு மாதிரி ஆவி விடும். பெட்டியை இப்படி இறுக்கமா மூடிட்டா, ஒண்ணு போதும், கூட இருக்கிற எல்லாத்தையும் தின்னுடும். எங்க கடைக் கத்தி தினம் வேலை செய்யுது, கழுவுறோம், துடைக்கிறோம், காத்துல கிடக்குது. அதனாலதான் பிழைச்சுக் கிடக்குது."

"வாரா வாரம் திறந்து எண்ணெய் போட்டுமா?" என்றார் அவர்.

சலூன்காரர் சுற்றியிருந்த துணியை விரலால் தேய்த்தார். சருகாகக் காய்ந்திருந்தது. அவளை ஒரு பார்வை பார்த்தார். "சில நேரம் அப்படித்தான் சார்" என்று துணியைக் கீழே வைத்துவிட்டார்.

தப்பித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் திரும்பி, நடுங்குகிற கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "பாவம், உன் பாடெல்லாம் வீணாப் போச்சு" என்றார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தோலுறையில் இருந்த மூன்றும் நன்றாக இருந்தன. அதில் கொம்புப் பிடி வைத்ததைக் கேட்டார். சலூன்காரர் தோல்பட்டையில் தீட்டி, நுரை போட்டு, ஆரம்பித்தார். தலை ஆடாமலிருக்க அவள் பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தி தொண்டைக்கு வந்தது. அவரால் வாயைத் திறக்க முடியாத அந்த நேரத்தில் அவள் சொல்லிவிட்டாள்.

"நான் துடைக்கலைங்க. பதினோரு மாசமா பெட்டியைத் திறக்கவே இல்ல. டிக் மட்டும் அடிச்சேன். உள்ள உக்காந்து தூங்கினேன்."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏறி, நுரையை வழித்துக்கொண்டு விலகியது. சலூன்காரர் அதைத் துடைக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ உள்ள இருக்கிறப்போ ரேடியோகூடப் போடாம உக்காந்திருப்பேன்" என்றார் கணவர். "சத்தத்துல உன் கை பிசகிடக் கூடாதேன்னு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லாத் தூங்கினியா?"

"ம்."

"ஒரு மணி நேரமும்?"

"ஆமாங்க. உங்க கத்தியெல்லாம் போச்சேங்க."

பாதி முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"முப்பது வருஷம் அந்தக் கதவை நான்தான் மூடிக்கிட்டேன்" என்றார். "நீ வெளிய என்ன பண்றேன்னு ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்ல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் தலையைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியாததால் கண்ணைத் துடைக்கவில்லை.