செல்வத்தின் கிட்டார்க் கழுத்து

ஏற்காட்டுல கிட்டார் ரிப்பேர் பண்றவனுக்கு மூடுபனி ஒரு எதிரின்னா, கிட்டாரோட சொந்தக்காரர் இன்னொரு எதிரி. ரேடியோ, மிக்ஸி, தையல் மிஷின்னு நீங்க எதை ரிப்பேர் பண்றவரா இருந்தாலும் நம்ம கூட்டம்தான், கேளுங்க.

மூட்டை வைத்தியம்

பக்கத்துல வெள்ளக்கடை ஊர்க்காரர் செல்வம், ஒரு ஹோட்டல்ல டூரிஸ்ட்டுங்களுக்கு வாசிக்கிறவர். அதுலதான் அவர் ஊட்டுல அடுப்பெரியுது. ஒருநாள் பழைய எலக்ட்ரிக் கிட்டாரைக் கோணிப்பையில சுத்திக் கொண்டாந்தார். ஈரத்துல கழுத்து வளைஞ்சு போய், அதுல குறுக்கே பதிச்சிருக்கிற ஃபிரெட் கம்பியெல்லாம் பெயர்ந்து நிக்குது. எனக்கு வந்துச்சே கோவம்! "என்னய்யா பண்ணித் தொலைச்சீங்க?"ன்னு கத்திட்டேன்.

"நிமிரட்டும்னு எஸ்டேட்ல காப்பி மூட்டையை மேல ஏத்தி வச்சேனுங்க."

கொர்

கழுத்தை நிமித்தினேன். பழைய ஃபிரெட்டுக்குச் சூடு காட்டி, இடுக்கியால ஒண்ணொண்ணா உருவினேன். புதுசு அடிச்சு, அரத்தால ராவி மட்டம் பண்ணினேன். நான் வாசிச்சா கணீர்னு கேக்குது. செல்வம் வாசிச்சா கொர்ருங்குது. மறுபடி ராவினேன், மறுபடியும் கொர். அப்பதான் அவர் இடது கையைப் பார்த்தேன். ரெண்டு விரல் தந்தியை அழுத்தவே இல்லை, சும்மா மேல படுத்துக் கெடக்கு. அவரோ தன் கையைப் பார்க்கவே இல்லை, கிட்டாரைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் நாலு இழுப்பு ராவுனீங்கன்னா சரியாயிருமுங்க."

சம்சாரம் வந்தது

மறுநாள் அவர் சம்சாரம் பஸ்ஸை விட்டு எறங்கி நேரா கடைக்கு வந்துச்சு. கையைக் காட்டப் போனப்ப சேலத்து டாக்டர் செல்வத்தை வெளிய உக்காரச் சொல்லிட்டு, அதுகிட்ட மட்டும் சொன்னாராம்: நரம்பு செத்துக்கிட்டு வருது, அந்த விரலுங்க இனி திரும்பாதுன்னு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள முந்தானையை வாயில அடைச்சுக்கிச்சு.

"ஏனுங்கண்ணா, கிட்டார்லதான் கோளாறுன்னே சொல்லிட்டிருங்க, வெவரம் தெரிஞ்சா அந்த மனுசன் உசுரை வச்சிருக்க மாட்டாருங்க."

கதவுக்கு வெளிய

செல்வம் வந்தார். ஹோட்டல்ல வேற ஆளைப் போட்டுட்டாங்களாம். நான் ஆரம்பிச்சேன்: மரம் மட்டமுங்க, என்ன அடிச்சாலும் ஃபிரெட்டு நிக்காதுங்க, நொம்பப் பழைய கழுத்துங்க. புளுகறது நமக்குப் புதுசா என்ன? ஆனா அன்னிக்குப் புளுகு எடுபடலை. அவர் போதும்னு கை காட்டினார்.

"டாக்டர் சொன்னதைக் கதவுக்கு வெளிய நின்னு நானும் கேட்டேனுங்க, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா, கிட்டார்தான் கெட்டுப் போச்சுன்னு நான் நம்பிட்டதா அவகிட்ட நீங்களே சொல்லிருங்க."

இப்ப அந்த ஊட்டுல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேத்தறதுக்காக, நான் அடிச்ச ஃபிரெட்டு சரியில்லைன்னு வெள்ளக்கடை பூரா சொல்லிட்டிருக்காங்க, கேக்க வர்றவங்ககிட்டயெல்லாம் "ஆமாங்க, வேலையில கோட்டை விட்டுட்டேன்"னு தலையாட்டிக்கிட்டு நானும் கடையில ஈ ஓட்டிட்டிருக்கேன்.