பூஸ்டர் மாட்டாத வண்டி

அந்த வண்டியின் பிரேக்கை மிதிப்பது சுவரை மிதிப்பது மாதிரி இருக்கும். முதன்முதலில் நான் அதை மிதித்த சாயங்காலம் அப்படியே நினைவில் இருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஓர் ஆட்டு மந்தை திடீரென்று மேலேறி வந்தது. மிதித்தேன். பெடல் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. அதற்குமேல் அழுத்த என் வலது காலில் வலு இல்லை. பக்கத்தில் இருந்த மச்சான் கைபிரேக்கை இழுத்து, எட்டி ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் வழுக்கி, முள்ளுச் செடியில் முட்டி நின்றது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேய்த்துவந்த பெண் எங்கள் இருவரையும் நன்றாகத் திட்டிவிட்டுப் போனாள்.

மச்சான் என் அக்காவைக் கட்டியவர். வளைகுடாவில் கார் பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு வந்து, ஊரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். நான் சார்ஜாவில் எலக்ட்ரீஷியன். சாரத்திலிருந்து விழுந்து, தொடையில் கம்பி வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவன். வந்த புதிதில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் வீட்டிலேயே கிடந்தேன். அப்போதுதான் மச்சான் ஒரு மில்காரர் வீட்டுக் கொட்டகையில் பல காலமாகக் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இங்கிலாந்தில் செய்தது, இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. எலி கடித்த வயரிங்கைப் பார்க்க ஆள் இல்லை, நீதான் வரணும் என்று என்னைக் கூப்பிட்டார். பாளையம்பட்டியில் ஒரு பழைய பஞ்சு குடோனில் வைத்து அந்த வண்டிக்கு உயிர் கொடுத்தோம். உண்மையில் அந்த வண்டிதான் என்னை எழுந்து நடக்க வைத்தது. ஹெட்லைட் முதல்முறை எரிந்தபோது, இது நம்ம ரெண்டு பேரு வண்டி என்று என் தோளைப் பிடித்துச் சொன்னார்.

ஆட்டு மந்தை சம்பவத்துக்குப் பிறகு ஒரு யோசனை சொன்னேன். மதுரையில் ஒரு பட்டறையில் இந்த மாதிரி பழைய வண்டிகளுக்கு பிரேக் பூஸ்டர் மாட்டித் தருகிறார்கள். என்ஜின் உறிஞ்சும் காற்றை வைத்து அது நம் காலுக்குத் துணையாக அழுத்தும். லேசாக மிதித்தால் போதும். மச்சான் அப்போது கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் மாப்ள. பூஸ்டர் மாட்டுனா மிதிக்கிறது லேசா இருக்கும். ஆனா டயரு எப்ப வழுக்கப் போகுதுன்னு காலுக்குத் தெரியாது. செஞ்சவன் எப்படிச் செஞ்சானோ அப்படியே இருக்கட்டும். அதுதான் இந்த வண்டிக்கு மருவாதி."

அவர் சொன்னதில் தப்பில்லை. பூஸ்டர் வண்டியைக் கூடுதலாக நிறுத்தாது, காலின் பாரத்தை மட்டும் குறைக்கும் என்பது எனக்கும் தெரியும். பூஸ்டருக்குப் போகும் டியூபில் ஓட்டை விழுந்தால் ஓடும்போதே பெடல் கல்லாகிவிடும் என்றும் சொன்னார். நான் ஒத்துக்கொண்டேன். வெறுமனே ஒத்துக்கொள்ளவில்லை, நம்பினேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் மதுரையில் கூடிய இடத்தில் ஒருவர் பூஸ்டர் மாட்டியதைப் பெருமையாகச் சொன்னபோது, மச்சானின் வார்த்தைகளை என் வார்த்தைகளாக எடுத்துச் சொல்லி அவரோடு மல்லுக்கு நின்றவன் நான். அன்று மச்சான் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தார். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

அதன்பின் சில வருடங்கள் இடது பக்க சீட்டுதான் எனக்கு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எம்.ரெட்டியபட்டி வரை போய் டீ குடித்துவிட்டு வருவோம். பருத்திக் காட்டு அனல் முகத்தில் அடிக்கும். என்னால் ஓட்ட முடியாததற்கு என் கால் காரணமில்லை, வண்டியின் குணம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு நிம்மதி இருந்தது.

சென்ற வருடம் அவர் மகள், சென்னையில் வேலை பார்ப்பவள், லீவுக்கு வந்திருந்தாள். அதற்குச் சற்று முன்னால் கார்புரேட்டர் வேலை என்று வண்டி மதுரைக்குப் போய் வந்திருந்தது. ஹாரன் சரியாக அடிக்கவில்லை என்று நான் பானெட்டைத் தூக்கினேன். ஓரத்தில் கறுப்பாக, பித்தளைச் சொம்பு அளவுக்கு ஒரு உருளை. அதிலிருந்து என்ஜினுக்குப் புது டியூப். நான் கைகளைப் பானெட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை ஓட்டணும்னு ஆசைப்பட்டுச்சு," என்றார் பின்னாலிருந்து மச்சான்.

"நானும் ஆசைப்பட்டேனே மச்சான்."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த அக்காதான் சொன்னாள். "அவுகளைக் கேக்காத. பூஸ்டர் மாட்டக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன். அன்னைக்கு முள்ளுக் கீறலோட வந்து நின்னியே, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமில்லை. மாட்டிக் குடுத்தா நீ ஓட்டுவ. ஒத்தத் தம்பிடா நீ."

அன்பினால்தான் செய்தார்கள். அது புரியாமல் இல்லை. ஓட்டாதே என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிறகு அடங்கியிருப்பேன். அவர்கள் வண்டியின் மரியாதையைப் பேசினார்கள். நான் அதை வேதம்போல நாலு பேரிடம் போய்ச் சொன்னேன். கூட்டாளி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சீட்டில், நான் இத்தனை நாளும் பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய நோயாளியாக இருந்திருக்கிறேன்.

மச்சான் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். நரிக்குடி பக்கம், ஆளில்லாத கண்மாய்க்கரையில் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கட்டைவிரலை அழுத்துவது போலத்தான் இருந்தது. வண்டி சொன்ன இடத்தில் நின்றது. மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தினேன். அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்தேன். அந்த வண்டியில் நான் அதற்குப் பிறகு ஏறவில்லை.

இப்போது என்னிடம் ஒரு சின்ன கார் இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன மாதம் டவுன் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றிருந்த மச்சானைப் பார்த்து நிறுத்தினேன். தயங்கித்தான் ஏறினார். அக்காவின் சர்க்கரை, மகளின் கல்யாணப் பேச்சு என்று பேசிக்கொண்டே வந்தோம். பந்தல்குடி ரோட்டில் முன்னால் போன லோடு ஆட்டோ சட்டென்று நின்றது. நான் மிதித்தேன். நல்ல இடைவெளி விட்டு, குலுங்காமல் நின்றது வண்டி.

பக்கத்தில் பார்த்தேன். மச்சானின் வலது கால் தரை விரிப்பை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்ததும், மெதுவாக அதை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.