இரும்புச் சட்டத்தில் சாய்ந்த தாடை

தூண்டிலை ஆழத்துக்கு இழுத்துப்போகும் ஈயக் குண்டை ஏரிக்குள் இறக்கியதும் எங்கள் படகின் கேப்டன் கொரின் குனிந்து, அதன் கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல் தாடையை வைத்துக்கொள்வாள். கண்கள் மூடியிருக்கும். பத்து எண்ணும் நேரம் அப்படியே இருந்துவிட்டு, கையசைத்து வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வாள். படகை ஓட்டுவது நான். நானும் டுவேனும் அந்தக் கோடையில்தான் அவளிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தோம்.

லடிங்டன் ஊரின் சால்மன் மீன்பிடிப் போட்டி முடிய இருபது நிமிடம் இருந்தது. இன்னும் ஒரு மீன் கிடைத்தால் கோப்பை எங்களுக்கு. மூன்று மணி நேரமாக ஒரு தூண்டிலும் அசையவில்லை.

"கேப்டன், திரையில வேகம் சரியாத்தான் காட்டுது," என்றான் டுவேன், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று. பதிலில்லை. "மகாராணி நம்மகிட்டல்லாம் பேசுவாங்களா!" என்று முணுமுணுத்துவிட்டு, முன்னால் போய் அதையே மறுபடி சொன்னான்.

"அது மேல்தண்ணி வேகம்டா மண்டு," என்றாள் கொரின். "எண்பதடிக்குக் கீழ நீரோட்டம் எதிர்ல வருது. நம்ம தூண்டில் தகடு பேய் பிடிச்ச மாதிரி சுத்துது. எந்த மீன் கிட்ட வரும்? குறைக்கச் சொல்லு."

குறைத்தேன். நான்காவது நிமிடத்தில் தூண்டில்கோல் துள்ளி நிமிர்ந்தது. உடனே தண்ணீரைத் தொடும் அளவுக்கு வளைந்தது. இருபத்தாறு பவுண்டு சால்மன். பார்க்கவே முடியாத அந்த ஆழம் கம்பியின் அதிர்வாக அவள் தாடை எலும்புவரை வந்து பேசியிருக்கிறது.

பரிசு மேடையில் யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. "திமிரப் பாரு," என்றான் டுவேன்.

கொரினுக்குப் பதினொரு வருடமாக இரண்டு காதும் கேட்காது, எதிரே நிற்பவரின் உதட்டசைவைப் படித்துத்தான் பதில் சொல்வாள் என்பதை, குளிர்காலத்தில் அவள் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.