அண்ணன் குடித்த கெட்டி டீ

சாப்பிடும்போது அண்ணனுக்குப் புரை ஏறினால் அம்மா அவன் உச்சந்தலையைத் தட்டி, "எந்த மகராசி நெனைக்கிறாளோ" என்பாள். அந்தக் கணக்கில் போடிநாயக்கனூரில் பாதிப்பேர் மூன்று வேளையும் என் அண்ணனையே நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு. கைகால்கள் அவன் பேச்சைக் கேட்காது. பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான் பேசுவான். ஆனால் யார் என்ன சொன்னாலும் புரிந்துகொள்வான். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இப்போது நாற்பத்திரண்டு வயது. நான் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடைக்கு வேலைக்குப் போகிறேன். நானும் அம்மாவும் மாற்றி மாற்றி அவனுக்கு ஊட்டுவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே மழைக்காலத்தில் இரண்டு தடவை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரண்டாவது தடவை மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே விழுங்குவதில் உள்ள கோளாறைப் பார்க்கும் பெண் ஒருவர், என்னைவிட இளையவர், வீட்டில் எப்படிக் கொடுப்போமோ அப்படியே கொடுக்கச் சொன்னார். அண்ணனைச் சாய்த்து வைத்து டம்ளரை அவன் வாயில் சரித்தேன். மூன்றாவது மடக்கில் இருமினான். அம்மாவின் கை அவன் தலைக்குப் போனது.

"இருங்கம்மா" என்று தடுத்தார் அந்தப் பெண். "தண்ணி, டீயெல்லாம் வேகமா ஓடிருது. இவருக்கு மூச்சுக்குழா மூடுறதுக்குள்ள நுரையீரலுக்குப் போயிருது. சளி கட்டுறது அதனாலதான்."

அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப நாப்பது வருஷமா நானே எம்புள்ளையக் கெடுத்திருக்கேனா?" என்றாள்.

அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஊட்டுனதாலதாம்மா நாப்பது வருஷம் இருக்காரு."

பரிசோதனை முடிந்ததும் அவனுக்கு ஏற்ற முறையைச் சொல்லிக்கொடுத்தார். நேராக உட்கார வைக்க வேண்டும். தாடை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். சின்னக் கரண்டிதான். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்ட உடனே படுக்க வைக்கக் கூடாது. சோற்றை மசிக்க வேண்டும். குடிப்பது எதுவானாலும் ஒரு பொடியை அளந்து கலந்து கெட்டியாக்க வேண்டும்.

சோற்றுக்கு ஒத்துக்கொண்டான். டீதான் தகராறு. டீ என்றால் அவனுக்கு உயிர். முதல்நாள் நான் பொடியை மொத்தமாகக் கொட்டியதில் டம்ளருக்குள் கட்டி கட்டியாக நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்த்தா, போஸ்டர் ஒட்டவா காச்சுன?" என்றாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்தது அத்தனையும் என் சேலையில்.

ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கலக்கிக்கொண்டே தூவி, அடங்கும்வரை பொறுக்க வேண்டும் என்று பிடிபட்டது. தேன் பதத்துக்கு வந்தது. ஒரு கரண்டி வாங்கினான். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் தெருப்பக்கம் பார்த்து, "கடை" என்றான். எனக்குப் புரிந்தது. ஆம்பளைகளோடு கடையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். மலைக்குப் போகிற ஜீப்புகள் வரிசையாக நின்றன. டீக்கடைக்காரரிடம் பொடி டப்பாவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"அவ்வளவுதான? கொண்டா தங்கச்சி" என்றவர் தானே தூவித் தானே கலக்கினார். "மாப்ளே, வெரசா வேணாம். ஒனக்குன்னு நேரமெடுத்துப் போட்ட டீ இது."

பெஞ்சில் இருந்த டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவன் தொண்டையையே பார்த்தார்கள். ஒவ்வொரு கரண்டியாகக் கண்ணாடி டம்ளர் காலியானது. ஒரு தடவைகூட இருமவில்லை. கடைசி வாயை விழுங்கிவிட்டு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். "இன்னொண்ணு!" என்றான். கடையே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். வாய் காலியாக இருந்ததால் நானும் தடுக்கவில்லை.

அதன்பின் வந்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. எப்போதாவது இருமுவான், உடனே நிறுத்தி, நிதானித்துக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை டீ நடக்கிறது. இப்போது எண்ணெய்ச் சட்டியைப் பார்த்து, "வடை" என்று ஆரம்பித்திருக்கிறான். மதுரைக்குப் போன்போட்டுக் கேட்டேன். "மொறுமொறுப்பா வேண்டாம். அடுத்த தடவை வரும்போது சாம்பார்ல ஊறவச்சு மசிச்சுப் பார்ப்போம்" என்று சிரித்தார் அவர். அதை அண்ணனிடம் சொன்னதிலிருந்து தினமும் காலையில், "மதுரை எப்போ?" என்று கேட்கிறான்.