அழகான கையெழுத்தில் ஒரு கவிதை

அந்தப் பயிற்சியாளரை எனக்கு முதல் டீயிலிருந்தே பிடிக்கவில்லை. தமிழாசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று காரைக்காலில் ஒரு மண்டபத்தில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். "மனசுல இருக்கறதப் பேப்பர்ல கொட்டிடணும் மேடம். கொட்டிட்டா ஆறிடும்" என்று ஆளுக்கொரு வெள்ளைத்தாளை நீட்டினார். கொட்டுவதற்கு அது என்ன குப்பையா? நான் மத்தி மீன் குழம்பு வைக்கும் முறையை எழுதிக் கொடுத்தேன். அதிலும் என் துயரம் தெரிகிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார் மனிதர்.

பயிற்சிக்குப் போய்வந்தால் வகுப்பில் செய்துகாட்டி அறிக்கை அனுப்ப வேண்டும். எங்களுடையது பெண்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை இந்தக் கூத்துக்கு ஒதுக்கினேன். "மார்க் கிடையாது, யாருக்கும் காட்டமாட்டேன். மனசுல உள்ளத எழுதுங்கடி" என்றேன். முதல் இரண்டு வாரம் நட்பு, மழை, மரம் வளர்ப்போம். மூன்றாவது வாரம், இரண்டாவது பெஞ்சில் உட்காரும் ஒருத்தி சில வரிகள் எழுதியிருந்தாள்.

அவள் அப்பா பிரான்சில் இருக்கிறார். தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பம். அவளையும் அம்மாவையும் அழைத்துக்கொள்ளப் பேப்பர் வருகிறது, பேப்பர் வருகிறது என்று அந்த அம்மா ஐந்து வருடமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் எழுதியிருந்தது இது:

அப்பா போனில் பேசும்போது
பின்னால் ஒரு குழந்தை அழும்.
டி.வி. என்பார்.
அந்தக் குழந்தைக்கு நான்
ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.
அம்மா பெட்டியில் இரண்டு கம்பளிச் சட்டை
மடித்து வைத்திருக்கிறாள்.
அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

இரண்டு முறை படித்தேன். அடுத்த நிமிடமே பெருமை வந்தது, அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. என் வகுப்பில் ஒரு கவிதை! பாடப்புத்தகத்தையே இருபது வருடம் மென்றுகொண்டிருந்தவளுக்கு அது தலைக்கேறிவிட்டது. கொடுத்த வாக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை உண்டு. யார் எழுதினாலும் சரி, கையெழுத்து அழகாக இருக்கும் ஒருத்திதான் அத்தனையையும் படியெடுப்பாள். அதிகாரிகள் வந்து புரட்டும்போது பக்கங்கள் ஒரே சீராக இருக்க வேண்டுமே! பெயர் போடாமல் விட்டால் போதும் என்று நினைத்து அந்தத் தாளையும் அவளிடம் கொடுத்தேன். படியெடுப்பவளும் படிப்பாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எத்தனையோ வருடமாக அவளைப் போன்ற பிள்ளைகளின் கையை மட்டும்தான் பார்த்துவந்திருக்கிறேன். இவளுக்கோ, கம்பளிச் சட்டை என்ற இடத்திலேயே யார் வீடு என்று தெரிந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிற இந்த ஊரில் கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அதோடு இவள் வீடும் அதே தெருவில்தான். தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

திங்கட்கிழமை காலை, எழுதியவளின் அம்மா ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றேன்.

"உக்கார வரலீங்க. சனிக்கெழம வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருக்கேன், எதுத்த வீட்டுக்காரி வந்து, கொழந்த ஆணா பொண்ணான்னு கேக்குறா. என்ன பதில் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாம இருந்திச்சு, அதான் அந்தப் பொண்ணு மனசுல வச்சுப் புழுங்கி…" என்று என்னவோ உளறினேன். அந்தப் பயிற்சியாளர் என் வாய்க்குள் புகுந்து பேசியதுபோல் இருந்தது.

"தெரியாதுன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?" அவர் குரல் ஏறியது. "நாலு வருஷமாத் தெரியும். எம்பொண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பேப்பர் வருது, பேப்பர் வருதுன்னு ஊரெல்லாம் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தச் சட்டைய வாங்குனதே அவ நம்பணும்னுதான். அவ எனக்காக மறைச்சா, நான் அவளுக்காக மறைச்சேன். வீடு நல்லாத்தான் இருந்திச்சு. இப்ப ரெண்டு நாளா ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கல. நீங்க பாடத்த மட்டும் நடத்துங்க டீச்சர். எங்க மனசுக்கு வைத்தியம் பாக்க ஒங்கள யாரும் கூப்புடல."

மற்ற ஆசிரியைகள் விடைத்தாள்களில் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். அவர் போன பிறகு எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. உண்மை வெளியே வந்தது நல்லதுதானே என்றுகூட ஒரு மணி நேரம் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அதற்குள் பயிற்சியாளரின் போன். நான் முந்தின வாரமே அறிக்கையோடு அந்தக் கவிதையையும் அனுப்பித் தொலைத்திருந்தேன்.

"பிரமாதம் மேடம்! அந்தப் பொண்ணு ஆற ஆரம்பிச்சிட்டா. எங்க தொகுப்புல முதல் பக்கம் இதுதான்."

"போட்டீங்கன்னா நேரா வந்து உங்க தொகுப்பக் கிழிப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவரைத் திட்டியதில் கொஞ்சம் சுகமாக இருந்தது. ஆனால் அவர் விவரம் தெரியாதவர்; வாக்குக் கொடுத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை வந்தது. இனி எழுத வேண்டாம் என்று சொல்லத்தான் வகுப்புக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் இரண்டாவது பெஞ்சிலிருந்து அவள் எழுந்து வந்து ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். கோடு போட்டு, தேதி எழுதி, அச்சடித்தது போன்ற எழுத்தில் இருந்தது. பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நமக்குப் பால் தருகிறது.

"என்னடி இது?" என்றேன்.

"இத யாருக்கு வேணா காட்டலாம் டீச்சர்" என்றாள்.