பாலக்கரையில் நான் கலந்த பினா கொலாடா

காவிரி இருபுறமும் மாலையாகச் சூழ, நடுவே கண்வளரும் அரங்கன் திருவடிகளே சரணம்.

இன்று ஆவணி மாதத்துச் சிரவண துவாதசி. நேற்று ஏகாதசி உபவாசம். இன்று காலை அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாகப் பாரணையை முடித்துக்கொண்டு, கை அலம்பிய ஈரம் காய்வதற்குள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்படிப்பட்ட புண்ணிய தினத்தில் எதைப் பற்றி எழுதுவது முறை? பாசுரத்தில் ஓர் அடியைப் பற்றி எழுதலாம். திருவெள்ளறைக் கோயில் படிக்கட்டுகளைப் பற்றி எழுதலாம். நான் எழுதப்போவது ரம் என்னும் மதுவைப் பற்றி.

முகம் சுளிக்காதீர்கள். ஓர் அபசாரத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும் — அதற்குப் புண்ணிய தினத்தைவிடப் பொருத்தமான நாள் ஏது?

பாலக்கரையில் என் நண்பர் அந்தோணிராஜ் இருக்கிறார். ஒரே கல்லூரியில் அவர் வேதியியல் கற்பித்தார். நான் தமிழ் கற்பித்தேன். ஓய்வு பெற்றபின் அவருக்கு மாலை வேளைகளில் ஒரு கோப்பை பழக்கமாயிற்று. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி... எட்டு மாதங்களுக்கு முன் டாக்டர் ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு, “இனி ஒரு சொட்டுப் பட்டாலும் உங்க ஈரலுக்கு நான் பொறுப்பில்ல சார்” என்று சொல்லிவிட்டார். அன்றோடு நிறுத்தினார் மனிதர். அவருடைய மனைவி பிலோமினா டீச்சர் அந்த எட்டு மாதங்களையும் விளக்கில் எண்ணெய் பார்ப்பவர்போலப் பார்த்துப் பார்த்துக் காத்துவந்தார்.

இந்த நிலையில் வந்தது அவர்களுடைய ஐம்பதாவது திருமண நாள். கூடவே டொரான்டோவிலிருந்து மகளும் மருமகன் கெவினும் வந்தார்கள். கெவின் நம் மன்னார்புரத்துப் பிள்ளைதான். ஆனால் கடல் கடந்ததும் அவருக்கு ஒரு ஞானோதயம். விருந்தென்றால் அதற்கு ‘தீம்’ வேண்டும். தீம் என்ன? வெப்பமண்டலத் தீவுகள். அதாவது ரம் காக்டெயில்கள்!

பிலோமினா டீச்சர் எனக்குப் போன் செய்தார்.

“தமிழய்யா, மாப்பிள்ளை காக்டெயில்னு குதிக்கிறார். வேணாம்னா மக மூஞ்சியத் தூக்கி வச்சிக்குது. ரம்மே இல்லாம பண்ணுங்கன்னு ஒருவழியா சம்மதிக்க வச்சிட்டேன். ஆனா கலக்குற எடத்துல நீங்கதான் நிக்கணும்.”

“நானா? எனக்கு அதெல்லாம் தெரியாதேம்மா.”

“ராமநவமிக்கு ஒரு தெருவுக்கே பானகம் கரைக்கிறீங்க. இதுவும் அதான், மேல ஒரு குடை சொருகணும், அவ்வளவுதான். நீங்க கலந்தா அதுல ஒண்ணும் இருக்காதுன்னு ஊருக்கே தெரியும். எனக்கு நிம்மதியா இருக்கும்யா.”

ஒரு பெண்மணியின் நிம்மதி என் கையில் ஒப்படைக்கப்படும்போது மறுப்பது எப்படி? போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மனையாள் வைதேகி கைகட்டி நிற்கிறாள்.

“ஏன்னா, எழுபத்தாறு வயசுல பார்ல வேலைக்குச் சேரப்போறேளா? நன்னாருக்கு. திருமண்ண கொஞ்சம் பளிச்சுனு இட்டுண்டு போங்கோ. கூட்டம் கூடும்.”

கெவின் வாட்ஸ்அப்பில் செய்முறைகளை அனுப்பினார். நான் எதையும் மூலத்தோடு படிப்பவன். ஒரு வாரம் முழுவதும் காலையில் பாராயணம், பிற்பகலில் காக்டெயில் என்று வகுத்துக்கொண்டு படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வியப்பு. பிறகு சிரிப்பு.

டைகிரி என்றொரு பானம். வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. பனிக்கட்டியோடு குலுக்கி வடிகட்ட வேண்டும். ரம்மை நீக்கிவிட்டால் என்ன மிச்சம்? நம் வீட்டு எலுமிச்சை ஜூஸ்! மோஹிட்டோ என்றால் அதிலேயே புதினாவைக் கசக்கிப் போட்டு சோடா ஊற்றுவது. சத்திரம் பேருந்து நிலையத்தில் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் அனைவரும் குடித்ததுதான். பிளான்டர்ஸ் பஞ்ச் என்பது கறுத்த ரம்மில் எலுமிச்சை, சர்க்கரை, ஜாதிக்காய்த்தூள். ரம்மை எடுத்தால் அது பானகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. மைதாய் என்பதில் ஆரஞ்சும் எலுமிச்சையும் பாதாம் பாகும் கலக்கிறார்கள். பாதாம் சர்பத்தில் எலுமிச்சை பிழியும் துணிச்சல் நம்மவர்க்கு வரவில்லை, அவ்வளவே. பினா கொலாடாவோ, அன்னாசிச் சாறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து அடுப்பேற மறந்த பாயசம்.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தீவுகளில் கரும்பும் தென்னையும் எலுமிச்சையும் விளைகின்றன. நம் காவிரிக் கரையிலும் அவையேதான். அவர்கள் அதற்கு ஒரு காகிதக் குடை பிடித்து உலகெங்கும் அனுப்பிவிட்டார்கள். நாம் வெயிலில் வந்தவனிடம் சொம்பை நீட்டி, “தூக்கிக் குடிங்க” என்று சொல்லிவிட்டோம். விளம்பரம் என்பது வேறென்ன?

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மாறுதல்கள் செய்யத் தொடங்கினேன். சர்க்கரைப் பாகுக்குப் பதில் நன்னாரி சர்பத். ஜாதிக்காயோடு ஒரு துளி மாங்காய் இஞ்சிச் சாறு. கோப்பையின் விளிம்பில் உப்புத் தடவுவார்களாமே... நான் கொய்யாப்பழக்காரர் வைத்திருக்கும் உப்பு மிளகாய்த்தூளைத் தடவச் சொன்னேன். கெவின் சொக்கிப்போனார்.

“அங்கிள், வேற லெவல்! மோஹிட்டோல துளசி போட்டுப் பாக்கலாமா?”

“துளசி பெருமாளுக்கு. உங்கள் மோஹிட்டோவுக்குக் கற்பூரவல்லி.”

“ஒரே ஒரு டவுட் அங்கிள். ரம்மு கரும்புலேந்துதான வருது? ப்யூர் வெஜ்தானே?”

“அரளி விதையும் வெஜ்தான் தம்பி.”

அந்த ஒரு கேள்வியில் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். விழிக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாலக்கரை வீட்டின் சமையலறையில் நின்றேன். நாற்பது விருந்தினர்கள். குழந்தைகளுக்கு வாசலில் தனியே ரோஸ்மில்க். பெரியவர்களுக்கு என் பினா கொலாடா. எவர்சில்வர் அண்டாவில் கொல்லிமலை அன்னாசிச் சாறு இரண்டு பங்கு, முதல் தேங்காய்ப்பால் ஒரு பங்கு, அளவாக எலுமிச்சை. இனிப்புக்கு நன்னாரி சர்பத். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இரண்டு நன்னாரி பாட்டில்கள். கைக்கு முன்னால் இருந்ததை எடுத்து ஊற்றினேன். தண்ணீராக ஓடியது. “பாகே இல்லாமல் சாயத்தண்ணீரை விற்கிறார்களே, இந்தக் கலியில் கலப்படம் இல்லாத பொருளே கிடையாதா?” என்று வியாபார உலகத்தையே வைதுகொண்டு, முழு பாட்டிலையும் கவிழ்த்தேன். இனிப்புக்கு நாட்டுச் சர்க்கரையை அள்ளிப் போட்டேன்.

எவராயிருந்தாலும் மூடியைத் திறந்ததும் மோந்து பார்த்திருப்பார்கள். ஒரு சொட்டை நாவில் விட்டுப் பார்த்திருப்பார்கள். நான் ஏன் செய்யவில்லை?

எங்கள் மடைப்பள்ளி வழக்கம் அப்படி. பெருமாள் அமுது செய்ய வேண்டியதை முன்னதாக மோந்து பார்ப்பது அபசாரம். ருசி பார்ப்பது மகாபாவம். மூச்சுக் காற்றுகூடப் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டே கிளறுவோம். உப்பும் இனிப்பும் கை சொல்லும் கணக்கு. அறுபது ஆண்டுகளில் என் பானகத்தை ஊர் குடித்த பிறகுதான் நான் குடித்திருக்கிறேன். போதாக்குறைக்கு, அன்று கொல்லையில் பிரியாணி ‘தம்’ போட்டிருந்தார்கள். மேல்துண்டால் மூக்கை இறுகக் கட்டியிருந்தேன். என்னை மீறி எந்த வாசனையும் உள்ளே வர முடியாது... மதுவைத் தடுக்கக் காவல் வைக்கப்பட்டவன் இவ்வாறாக மூக்கைக் கட்டிக்கொண்டு காவல் காத்தேன்.

பங்குத்தந்தை வந்தார், ஜெபித்தார், தம்பதியரை ஆசீர்வதித்தார். முதல் இரண்டு கோப்பைகளை நானே ஏந்திச் சென்றேன். மேலே குடை, விளிம்பில் அன்னாசித் துண்டு. டீச்சர் வாங்கி ஒரு மடக்கு குடித்தார். “அய்யா, தேவாமிர்தம்!” என்றார்.

அந்தோணிராஜ் வாங்கினார். வாயருகே கொண்டுபோகவில்லை. கோப்பையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, உள்ளங்கையால் அதன் மேல் காற்றை மெல்லத் தம் பக்கம் விசிறினார் — ஆய்வகத்தில் அமிலத்தை அப்படித்தான் முகர்வார்கள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“டீச்சர், எனக்கு மோர் போதும்.”

எனக்குச் சுருக்கென்றது.

“ஏன்? நான் கலந்தது பிடிக்கவில்லையா?”

“அப்படியில்ல தமிழய்யா. வயிறு கொஞ்சம் சரியில்ல.”

“ஒரு வாய். எனக்காக.”

“வேணாமே.”

டீச்சரும் சேர்ந்துகொண்டார். “என்னங்க, அய்யா காலைலேந்து நின்னு கலக்கியிருக்காரு. மொகம் வாடிப்போச்சு பாருங்க. ஒரு வாய் குடிச்சாத்தான் என்ன?”

அவர் சிரித்தார். குடிக்கவில்லை. நான் கோபித்துக்கொண்டு அண்டாவிடம் திரும்பிவிட்டேன்.

விருந்து களைகட்டியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இரண்டாம் கோப்பைக்குப்பின் தம் மாணவப் பருவத்து நாட்டியத்தில் பாதியை ஆடிக் காட்டினார். பேசாமடந்தை என்று பெயரெடுத்த ஒரு கணக்காளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க கை வைத்தியக் கை சார், முட்டிவலி போன எடம் தெரியல” என்றார். பங்குத்தந்தை மூன்றாம் முறையும் கோப்பையை நீட்டினார். அறிந்து நீட்டினாரா, அறியாமல் நீட்டினாரா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையே உள்ள விஷயம். நானோ, கைமணம் என்று பூரித்துப் போனேன். பக்தி செலுத்திய கை அல்லவா, பேசத்தானே செய்யும் என்றுகூட எண்ணினேன். அகங்காரம் எத்தனை வேஷம் போடுகிறது!

அப்போது கெவின் மாடியிலிருந்து வியர்த்து இறங்கி ஓடிவந்தார்.

“அங்கிள், ஃப்ரிட்ஜ்ல முன்னாடி இருந்த நன்னாரி பாட்டில் எங்க?”

“அண்டாவில்.”

“ஃபுல்லாவா?”

“ஃபுல்லாக.”

அவர் அப்படியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். “அங்கிள்... அதுல நன்னாரி இல்ல. டார்க் ரம். அத்தை கண்ணுல படக்கூடாதுன்னு பாட்டில் மாத்தி வச்சேன். மாடியில கசின்ஸுக்கு மட்டும் மைதாய் போடலாம்னு... பையங்க எடுத்துட்டு வந்தது நெஜ நன்னாரி. அதைக் குடிச்சிட்டு ஒருத்தன் செம கிக்குன்னு சொவத்தப் புடிச்சிட்டு நிக்கிறான்.”

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் விளிம்புதான் நினைவுக்கு வந்தது. ஓடினேன். அந்தக் கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. குடை கூட அசையவில்லை. பக்கத்து நாற்காலியில் அந்தோணிராஜ் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“தெரியுமா உங்களுக்கு?” என்றேன்.

“கெமிஸ்ட்ரி வாத்தியார்ங்க நான்.”

“சொல்லியிருக்கலாமே! நான் வற்புறுத்தினேனே... டீச்சரையும் சேர்த்துக்கொண்டு!”

“சொன்னா? டீச்சர் மொதல்ல என்னத்தான் சந்தேகப்படுவா. அப்புறம் உங்கள. அப்புறம் மாப்பிள்ளைய. கல்யாண நாள் கந்தலாப் போயிரும்.” குரலைத் தாழ்த்தினார். “எட்டு மாசத்துல அது இவ்வளவு பக்கத்துல வந்ததில்ல தமிழய்யா. கையிலயே வச்சிருந்தா குடிச்சிருப்பேன். அதான் ஜன்னல்ல வச்சேன்.”

அவரே தொடர்ந்தார்:

“பெருமாளுக்கு நீங்க மோந்து பாக்காமப் படைங்க. அவருக்கு ஈரல்ல ஒண்ணுமில்ல. எனக்கு மட்டும் மோந்து பாத்துக் குடுங்க.”

எழுபத்தாறு ஆண்டுகளாக நான் மதுவைத் தொட்டதில்லை என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். நான் எழுதிவரும் இந்தப் பத்தியிலும் முன்பு சொல்லியிருக்கிறேன். இப்போது தோன்றுகிறது — எனக்கு அதில் ஆசையே இருந்ததில்லையே! ஆசையில்லாததைத் தொடாமலிருப்பது என்ன விரதம்? நான் ஈரமில்லாத வடக்கு வீதியில் வழுக்காமல் நடந்ததைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பாசி படிந்த படித்துறையில் நின்றுகொண்டிருந்தார். நானோ நண்பன் என்ற பெயரில் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன்.

மறைப்பது தகாது. அரிசி மூட்டையிலிருந்து கெவினை எழுப்பி அழைத்துக்கொண்டு போய், டீச்சரைத் தனியே கூப்பிட்டு, நடந்ததனைத்தையும் சொன்னேன். வைதாலும் வாங்கிக்கொள்வதென்று தலைகுனிந்து நின்றேன்.

டீச்சர் நேரே ஜன்னலுக்குப் போனார். கோப்பையை எடுத்து முகர்ந்தார். அது எதுவரை நிறைந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கணவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையிலிருந்த மோரை வாங்கித் தாமும் ஒரு வாய் குடித்தார்.

“அம்பது வருஷத்துல,” என்றார், “எம்பேச்சக் கேக்காம நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் இதுதாங்க.”

இதை வாசித்தவரும், பக்கத்திலிருந்து வாசிக்கக் கேட்டவரும், தெளிந்த மதியும் திடமான ஈரலும் பெற்று, வேண்டாமென்று சொல்லும் வலிமையும் அதைச் சொல்லுகையில் வற்புறுத்தாத நண்பர்களும் வாய்த்து, நெடுங்காலம் வாழ்க!