முதுகுவலி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்

நம் அன்பியச் செபக்கூட்டத்துச் சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு நா எழாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் தவக்காலம் தொடங்கியபோது என்னால் குனிய முடியவில்லை. அகரம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கனகாம்பரம் பறிப்பது என் வேலை. காலையில் மடியைக் கட்டிக்கொண்டு இறங்கினால் வெயில் ஏறும் வரை குனிந்த முதுகுதான். அந்த மாதம் ஒரு வரிசை முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. கோயிலில் எல்லாரும் முழங்கால் போடும்போது நான் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதுகு மட்டும் என்றால் பரவாயில்லை. கடைசி மகனைப் பெற்றுப் பத்தாம் நாளே தண்ணீர்க் குடம் தூக்கியவள் நான். அப்போதிருந்தே அடிவயிறு கீழே இறங்குகிற மாதிரி இருக்கும். வயது ஏற ஏற அது கூடியது. தும்மினால் சேலை நனையும். சாயங்காலம் ஆனால் கீழே சதை தட்டுப்படும். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று இப்போது தெரியும். அப்போது அதற்கு என்ன பெயர் என்றும் தெரியாது, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. கண்ணை மூடிய என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால் கேட்டவர்களிடமெல்லாம் முதுகுவலி என்று மட்டும் சொன்னேன். முதுகுவலியைச் சொல்ல வெட்கமில்லை. தோட்டத்தில் அதைச் சொன்னதும் ஆளுக்கொரு வைத்தியர் வந்துவிட்டார்.

“ஊசி டாக்டருட்ட போங்க மதினி, கைராசிக்காரரு. நான் மறுநாளே வேலைக்கு வரல?” என்றாள் பக்கத்து வரிசைப் பாக்கியம்.

“வந்த, வந்த. மூணாம் நாளு திரும்பப் படுத்துக்கிட்ட,” என்றாள் அவளுக்கு அடுத்து நின்றவள். “எண்ணெய் போட்டு நீவுறாரே, அவருட்ட போங்க அத்தை.”

“அவரு நீவுனதுல எங்க மாமியா ரெண்டு நாளா எந்திரிக்கவே இல்லடி!” என்றாள் பாக்கியம்.

“அது உனக்கு நல்லதுதான?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் எப்படி வைத்தியரைத் தேடினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். யார் கெட்டிக்காரர் என்று பார்க்கவில்லை. யார் சேலையை விலக்கச் சொல்ல மாட்டார், யார் கேள்வி கேட்க மாட்டார் என்று பார்த்தேன். மருந்துக்கடையில் ஒன்றும் கேட்காமல் மாத்திரை தந்தார்கள். முதலில் அங்கே போனேன். ஊசி டாக்டரிடம் கூட்டம் அதிகம், ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். பிறகு அங்கே போனேன். நீவுகிறவர் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே ஒரு பெண் குப்புறப் படுத்திருந்ததைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன். வைத்தியர் ஊரில் இல்லை என்று வீட்டில் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று.

பொம்பளை டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். மாசமாக இருக்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நரைத்த தலையோடு நான் போய் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள்? அந்தக் கூச்சம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

வைகாசியில் மகன் சேவியர் என்னைத் திண்டுக்கல்லுக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல ஏதும் தொந்தரவு இருக்காம்மா?” என்று கேட்டார். மகன் பக்கத்தில் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இல்லீங்க,” என்றேன்.

எலும்புத் தேய்மானம் என்று மாத்திரையும் இடுப்புக்கு பெல்ட்டும் எழுதினார். அவர் மேல் குற்றமில்லை. அவர் கேட்டார், நான் மறைத்தேன். சீக்கிரம் குணமாகட்டும் என்று பெல்ட்டை இறுக்கிக் கட்டினேன். இறுக்க இறுக்கக் கீழே இன்னும் இறங்கியது. வேலையை நிறுத்தினேன். ஆடி மாதம் ஒரு ஞாயிறு, பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது இருமல் வந்தது. சேலை நனைந்தது. நன்மை வாங்காமல் பக்கவாட்டு வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு மூன்று ஞாயிறு கோயிலுக்கே போகவில்லை. இனிமேல் இப்படியேதான் வீட்டுக்குள் கிடந்து சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

மாதா பிறந்தநாள் நவநாள் வந்தது. கோயிலுக்குப் போக முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்பது நாளும் செபமாலை சொன்னேன். ஒரே மன்றாட்டுதான். “தாயே, நீயும் பிள்ளை பெற்றவள். இதை வாய்விட்டுச் சொல்ல என்னால் ஆகாது. நான் சொல்லாமலே தெரிந்துகொள்கிற ஒருத்தரைக் காட்டு.” அழுது அழுது கேட்டேன். ஒன்பதாம் நாளும் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த வாரம் தனம் வந்தாள். மாதாமாதம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும் பெண். வந்ததும் என் பெல்ட்டைப் பார்த்தாள்.

“என்னம்மா இப்படி இறுக்கியிருக்கீங்க? வைக்கோல் கட்டுனாக்கூட இம்புட்டு இறுக்க மாட்டாங்க.”

“முதுகுவலித்தா.”

அவள் பிரஷர் பார்த்தாள். கொடியில் வரிசையாகக் காயும் என் பாவாடைகளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “தும்முனா, இருமுனா ஒண்ணுக்கு வந்துருதா?”

எனக்குக் காது சுட்டது. மருமகள் ரீட்டா அடுப்படியில் இருந்தாள். “அதெல்லாம் இல்லத்தா,” என்றேன்.

தனம் வற்புறுத்தவில்லை. “இருந்தாச் சொல்லுங்க. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. பிள்ளை பெத்த உடம்பு, இதுல என்ன கேவலம்?” என்று பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. சொல்லாமலே தெரிந்துகொள்கிற ஆளைத்தானே ஒன்பது நாளாகக் கேட்டேன்? வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயில் வரவேண்டிய வார்த்தையை அவளே சொல்லிவிட்டாள். அவளிடமும் அதே பொய்யைச் சொல்லி அனுப்புகிறேன். “தாயே, வாயைத் திற,” என்று மனதுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் செபம்.

“ஏத்தா தனம், செத்த நில்லு.”

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தனம் முகம் சுளிக்கவில்லை. “இதுக்கா இம்புட்டு நாளு? வெள்ளிக்கிழமை வாரேன், பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்,” என்றாள்.

நிமிர்ந்தால் ரீட்டா கரண்டியோடு நிற்கிறாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. “ஏன் அத்தை எங்கிட்டச் சொல்லல? நான் மட்டும் என்ன வானத்துல இருந்தா குதிச்சேன்? நானும் ரெண்டு பெத்தவதான?” என்று சத்தம் போட்டாள். போட்டுவிட்டு அவளே அழுதாள். என் இடுப்பிலிருந்து அந்த பெல்ட்டை அவிழ்த்ததும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். “எத்தனை வருஷமா இருக்கு?” என்றார்.

“கடைசி மகனுக்கு முப்பத்திநாலு வயசுங்க.”

“மகன் வயசைக் கேக்கல பாட்டி.”

“அதாங்க கணக்கு.”

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். தேய்மானமும் இருக்கிறது, ஆனால் இழுத்துப் பிடிக்கிற வலிக்குக் கர்ப்பப்பை இறங்கியதுதான் பெரிய காரணம் என்றார். உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் வைத்தார். பாரம் தூக்கக் கூடாது என்றார். படுத்தபடி செய்கிற பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவர்கள் சொல்கிற தேதிக்குப் போய் வளையத்தைச் சரிபார்த்து வருகிறேன்.

வலி முழுவதும் போகவில்லை. மழை பெய்தால் தேய்மானம் ஞாபகப்படுத்தும். ஆனால் கிறிஸ்துமஸ் பூசையில் முழங்கால் போட்டேன், யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன். இப்போது தோட்டத்தில் என்னைக் குனிய விடுவதில்லை. மர நிழலில் உட்கார்ந்து பூவைத் தரம் பிரிக்கிறேன். சத்தமாகச் சிரிக்கிறேன், பயமில்லாமல் தும்முகிறேன். என் வயதில் வேறென்ன வேண்டும்?

இதை வாசிக்கிற அக்கா தங்கச்சிகளே, எந்த டாக்டர் கைராசி என்று என்னிடம் கேட்காதீர்கள். அது எனக்குத் தெரியாது. முதலில் மாதாவிடம் கேளுங்கள். அவள் யாரையாவது உங்கள் வாசலுக்கு அனுப்புவாள். அந்த ஆளிடம் “இல்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். காலை பஸ்ஸில் கூட வாரேன். இதுவரை நாலு பேரோடு போய் வந்திருக்கிறேன். யார் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் வெளியே வரும் வரை உங்களுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன். உள்ளே போய்ச் சொல்லவேண்டியது மட்டும் நீங்கள். என் வாயைத் திறந்த ஆண்டவருக்கும் மாதாவுக்கும் என் உயிர் உள்ளவரை நன்றி.